ஜூன் முப்பதுக்குப் பிறகு

ஜனவரி 11, ஞாயிறு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் எங்கள் எல்லோருக்கும் புது வருடத்துக்கு ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். பத்து நாளாக மைக்ரோவேவ் மேல் கிடந்தது. மகள் ஜெமி எடுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். கொடுக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எழுத ஆயிரம் இடம் இருக்கிறது. எனக்கு இது இருக்கட்டும்.

சபை முடிந்து காபி குடிக்கும்போது ஸ்டெல்லா அக்கா கேட்டார்கள்: “எட்வினை எங்க, கிறிஸ்துமஸுக்கும் காணலியே?”

“ஹூஸ்டன்ல புராஜெக்ட் இன்னும் முடியலக்கா. லீவு கிடைக்க மாட்டேங்கு.”

“நாலு மணி நேர டிரைவ்தானட்டி?”

“ஆமாக்கா. ஆனா சனிக்கிழமையும் வேலை இருக்கு.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும் வழியில் அரிசி, கோழி, ஹீட்டருக்கு ஃபில்டர் வாங்கினேன். ஃபில்டர் அளவு தப்பு. நாளை மாற்ற வேண்டும்.

ஜனவரி 24, சனி

டல்லாஸ் முழுவதும் ஐஸ் மழை என்று எச்சரிக்கை. உறைந்து வெடிக்காமலிருக்க வெளிக் குழாய்க்கெல்லாம் துணி சுற்றினேன். தண்ணீர் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஹூஸ்டனுக்கு, என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறை எடுத்தார்.

“முன்வாசல் புல்லுக்குள்ள பச்சை மூடி இருக்கும் பாரு. அதுக்குள்ள.”

“சரி.”

“ஜெமி?”

“தூங்கிட்டா.”

“சரி, வச்சிருதேன்.”

பச்சை மூடியைக் கண்டுபிடித்துவிட்டேன். அதன் மேல் நாலு விரல் தடிமனுக்குப் புல்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வேலையிடத்திலிருந்து சம்பளத் தாள் வந்துவிட்டது. டாக்ஸ் விஷயமெல்லாம் எப்போதும் அவர்தான். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்வார். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “இங்க ஒரு கையெழுத்து” என்பார். பதினான்கு வருடமாக நான் செய்தது அது ஒன்றுதான்.

இந்த வருடம் என்ன செய்வது என்று மெசேஜ் அனுப்பினேன். உடனே போன் வந்தது. அவராகவே போன் பண்ணி எத்தனை நாள் ஆயிற்று.

“உன் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பு பியூலா. நான் பாத்துக்கிடுதேன். எப்பவும் போல ரெண்டு பேருக்கும் சேத்து ஜாயிண்ட்டா போட்டுருவோம்.”

போட்டுருவோம் என்றார்.

போட்டோ தெளிவாக இல்லை என்று இரண்டு முறை எடுத்து அனுப்பினேன். ராத்திரிக்கு முட்டைக் குழம்பு. ஜெமி, “ஏன்மா பாட்டு பாடிக்கிட்டு இருக்கீங்க?” என்றாள்.

பிப்ரவரி 14, சனி

தபாலில் வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள். ஒரே பக்கம்தான். மற்ற பக்கங்கள் எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு, உனக்குப் புரியாது” என்றார். புரியாதுதான். ஆனாலும் அனுப்புங்கள் என்றேன். ஈமெயிலில் அனுப்பினார்.

முதல் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. கீழே ஜெமி பெயர். முகவரி மட்டும் ஹூஸ்டன். நாங்கள் மூன்று பேரும் ஹூஸ்டனில், இருநூற்றுப் பதினேழாம் எண் அபார்ட்மெண்டில் குடியிருக்கிறோமாம். கடைசியில் கட்ட வேண்டிய தொகை ஒன்று. என் இரண்டு மாதச் சம்பளத்தைவிட அதிகம். ஒவ்வொரு வருடமும் பணம் நமக்குத்தானே திரும்பி வரும்?

நாளை போடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

போடவில்லை. மூன்று மெசேஜ் வந்துவிட்டது.

பிப்ரவரி 21, சனி

கூட வேலை செய்யும் சுகுணா ஒரு அம்மாவைச் சொன்னாள். கோகிலவாணி, ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வீட்டு கராஜையே அறையாகத் தடுத்து டாக்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். மேசையில் இரண்டு கணினி, ஒரு தட்டில் முறுக்கு.

எட்வின் அனுப்பியதைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

“ஏனுங்க, போன ஜூலையில உங்க வீட்டுக்காரர் ரிட்டையர்மெண்ட் பணத்த மொத்தமா எடுத்திருக்காரே, தெரியுங்களா?”

தெரியும் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

“வயசுக்கு முன்னாடி எடுத்ததால வரிக்கு மேல அபராதமும் இருக்குது. அதுதான் இந்தத் தொகை. நீங்க ஜாயிண்ட்டுல கையெழுத்துப் போட்டா, இதுக்கு நீங்களும் பொறுப்புங்க. அவர் கட்டலைன்னா உங்ககிட்ட வருவாங்க.”

“தனித்தனியா போட முடியுமா?”

“போடலாம். ஆனா கல்யாணமானவங்க தனியாப் போட்டா சலுகை ரொம்பக் கம்மி. இன்னொரு வழி இருக்குது. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட். குடும்பத் தலைவர்னு வெச்சுக்கங்களேன். விவாகரத்து ஆகாட்டியும் சில பேரு அதுல வரலாம்.”

ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே சொன்னார். வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நான் செய்திருக்க வேண்டும். பிள்ளை பாதி வருடத்துக்கு மேல் என்னோடு இருந்திருக்க வேண்டும். ஜூன் முப்பதுக்குப் பிறகு டிசம்பர் முடிய, அவர் இந்த வீட்டில் குடியிருந்திருக்கக் கூடாது.

“அவரு எப்பப் போனாருங்க?”

“மே இருபத்தி நாலு.”

“அப்ப சரியாப் போச்சு. எதுக்குப் போனாரு?”

“வேலைக்கு.”

கோகிலவாணி பேனாவைக் கீழே வைத்தார்.

“அதுல ஒரு விஷயம் இருக்குதுங்க. வேலை, படிப்பு, வைத்தியம்னு தற்காலிகமா வெளிய போயி, திரும்பி இந்த வீட்டுக்குத்தான் வருவாருன்னா, அவரு இங்கயே இருக்கறதாத்தான் சட்டம் எடுத்துக்கும். அப்ப நீங்க இதுல வர முடியாது.” என் முகத்தைப் பார்த்தார். “திரும்பி வருவாருங்களா?”

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அது சரியான நேரம் காட்டவில்லை.

“கேட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

“அவர் நிரந்தரமா போனதுக்கு லெட்டர் மாதிரி ஏதாச்சும் இருந்தா பாத்து வைங்க.”

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். முறுக்கு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

வாடகை, கரண்ட், தண்ணீர், மளிகை எல்லாவற்றுக்கும் வங்கித் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அவர் பெயரில் மூன்று வரிகள். மீதி எல்லாம் நான்.

அவர் ஹூஸ்டன் போவதற்கு முந்தின அக்டோபரில் அவருக்கு வேலை போனது. ஏழு மாதம் வீட்டில் இருந்தார். அப்போதும் நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இரண்டு முறை சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 26, வியாழன்

அம்மா நாசரேத்திலிருந்து போன் பண்ணினாள். “குடும்பத் தலைவிக்குன்னு மாசம் ஆயிரம் ரூவா கரெக்டா வருது கேட்டியா. உங்கய்யா என்கிட்டதான் டீக்குக் காசு கேக்காவ” என்று ஒரே சிரிப்பு. “மாப்பிள்ளை எப்படி இருக்காவ?”

“நல்லா இருக்காவ. வேலைக்குப் போயிருக்காவ.”

பொய் இல்லை. வியாழக்கிழமை. வேலைக்குத்தான் போயிருப்பார்.

மார்ச் 1, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. ஜெமிக்கு லேசாகச் சளி.

ஒரு சந்தேகம் காலையிலிருந்து குடைகிறது. செப்டம்பரில் ஜெமி பிறந்தநாளுக்கு அவர் இரண்டு நாள் வந்து தங்கினார். சோபாவில்தான் படுத்தார். ஜூன் முப்பதுக்குப் பிறகு இந்த வீட்டில் இருந்ததாக அது ஆகுமா? கோகிலவாணிக்குப் போன் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் எடுத்தார். பின்னால் குக்கர் விசில்.

“வந்துட்டுப் போறது குடியிருக்கறது ஆகாதுங்க. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. விருந்தாளியா வந்தாருங்களா, வீட்டுக்காரரா வந்தாருங்களா?”

அவர் சாவி வைத்திருந்தார். ஆனால் பெல் அடித்தார். நான் திறக்கும்வரை படியில் நின்றார். குளிக்கப் போகும்போது, “துண்டு எங்க இருக்கு?” என்று கேட்டார். பன்னிரண்டு வருடம் அதே அலமாரியில்தான் துண்டு இருக்கிறது.

“விருந்தாளியாத்தான்” என்றேன்.

மார்ச் 2, திங்கள்

சோபா என்று எழுதியிருக்கிறேன். வந்த அன்று ராத்திரி மட்டும்தான் சோபா.

மார்ச் 8, ஞாயிறு

கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பும் நாள். அடுப்பிலுள்ள கடிகாரத்தைத் திருப்பத் தெரியாமல் அரை மணி நேரம் போயிற்று.

எழுதிவிடுகிறேன். ஒரு லெட்டர் இருக்கிறது.

போன ஜூன் முதல் வாரத்தில் தபால் ஆபீஸிலிருந்து வந்தது. இந்த முகவரியிலிருந்து எட்வின் என்பவர் தன் தபால்களை வேறு முகவரிக்கு மாற்றக் கேட்டிருக்கிறார், சரிதானா என்று. தனிநபர் என்றும், நிரந்தரம் என்றும் இருந்தது. தற்காலிகம் என்றும் ஒரு கட்டம் அந்த ஃபாரத்தில் உண்டு. எனக்குத் தெரியும், ஒரு முறை ஊருக்குப் போயிருந்தபோது நாங்கள் அதைத்தான் போட்டோம். அவர் அதை விட்டுவிட்டு மற்றதைப் போட்டிருக்கிறார்.

வாசித்தேன். மடித்தேன். தையல் பெட்டியில் ஊசிகளுக்கு அடியில் வைத்தேன். அன்று சாயங்காலம் ஸ்டெல்லா அக்காவிடம், ஆறு மாத புராஜெக்ட் என்று சொன்னேன்.

போகும்போது அவர் எடுத்துப்போனவை: துணிமணி, லேப்டாப், டிகிரி சர்டிபிகேட் ஃபைல், அவர் அப்பாவுடைய வாட்ச், அவர் அம்மா படம். ஆறு மாதத்துக்குப் போகிறவருக்கு டிகிரி சர்டிபிகேட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. இட்லிப் பொடி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, சனி

வந்தார். சொல்லாமல் வந்தார். கையில் மட்டன் சுக்கா, ஜெமிக்கு ஒரு ஸ்வெட்டர். ஸ்வெட்டர் சின்னதாகிவிட்டது. போன வருட அளவு.

வந்ததும் கராஜ் கதவின் செயினுக்கு எண்ணெய் போட்டார். பின்வேலியில் ஆடிக்கொண்டிருந்த பலகையை அடித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சோறு வடித்தேன். அவர் சட்டையில் முதுகுப் பக்கம் வேர்வை. ஒரு நிமிடம் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “இங்கிருந்தே வேலை பாக்கதுக்குக் கேட்டிருக்கேன் பியூலா. ஜூன்ல வந்துருதேன்.”

“நிஜமாவா?”

“பெறகென்ன. இந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுரு. தேதி நெருங்குதுல்லா.”

மேசை மேல் தாள். பேனாவையும் அவரே எடுத்து வைத்தார். நான் கையில் எடுத்தேன். இதை மறைக்கப்போவதில்லை. எடுத்து மூடியைத் திறந்தேன்.

“ரிட்டையர்மெண்ட் பணத்த எடுத்துட்டீங்களே?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கை நின்றது.

“வேலை இல்லாதப்ப ஏழு மாசம் என் செலவ கிரெடிட் கார்டுல ஓட்டுனேன், அந்தக் கடன அடைக்கத்தான் எடுத்தேன். உன்கிட்ட கேக்க வாய் வரல. நீ வேலைக்குப் போய்ட்டு வருவ, நான் சும்மா சோபால உக்காந்திருப்பேன். உன் கார் சத்தம் கேட்டா எந்திச்சு லேப்டாப்ப தொறந்து வப்பேன். அது உனக்குத் தெரியுமா?”

அழுதார். சோற்றுக் கையோடு அழுதார். நான் அவர் தோளில் கை வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

அப்போது ஜெமி கிளாரினெட் பெட்டியோடு இறங்கி வந்தாள். “அப்பா, நீங்க இருக்கப் போறீங்களா, கிளம்பப் போறீங்களா? உங்க கார் அம்மா காரை மறிச்சுட்டு நிக்குது. எனக்கு மூணு மணிக்கு பேண்ட் பிராக்டிஸ்.”

கோபமாகச் சொல்லவில்லை. யாரிடமும் கேட்பது போலத்தான் கேட்டாள்.

அவர் கை கழுவப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, என்ன நினைத்தேனோ, கேட்டேன்: “ஹூஸ்டன் வீட்டுக்கு லீஸ் எப்ப முடியுது?”

“அடுத்த வருஷம் மே” என்றார். குழாயை மூடினார். “இல்ல, முன்னாலயே விடலாம். பேசிக்கிடலாம்.”

“எப்ப எழுதுனீங்க அந்த லீஸை?”

“ஜனவரில. பதினாறு மாசத்துக்குச் சேத்து எழுதுனதால வாடகை கொறச்சான், அதான்.”

பேனாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினேன். “ஜெமிக்கு நேரமாச்சு. காரை எடுங்க.”

எடுத்தார். நான் பிராக்டிஸுக்கு விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மேசையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. சுக்கா மீதியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மார்ச் 15, ஞாயிறு

சுக்காவைக் கொட்டிவிட்டேன். கெட்டுப்போகவில்லை.

மார்ச் 28, சனி

கோகிலவாணியின் கராஜ். இன்று எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. என்ன கேட்டாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்கள்.

என் முறை வந்ததும் தபால் ஆபீஸ் லெட்டரை மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார். தேதியைப் பார்த்தார். இது எங்கே இருந்தது என்று கேட்கவில்லை.

“கேள்விய நான் படிக்கறேனுங்க, நீங்க பதில் சொல்லுங்க. வரி முழுசும் உங்க பேர்ல போகுது, அதனால நீங்கதான் சொல்லோணும்.”

“சரி.”

“போன வருஷம் கடைசி ஆறு மாசம் உங்க கணவர் உங்ககூட இந்த வீட்டுல குடியிருந்தாருங்களா?”

“இல்ல.”

“தற்காலிகமா வெளிய போயிருந்தாருங்களா?”

எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை சொன்ன பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“இல்ல” என்றேன். “போய்ட்டாவ.”

அவர் தட்டச்சு செய்தார். ஒரு கட்டத்தில் சின்ன டிக் விழுந்தது. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. குடும்பத் தலைவர் என்று திரையில் என் பெயருக்கு எதிரே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கோகிலவாணி டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார். அப்புறம்தான் தெரிந்தது, சிரிக்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

வேலையில் இருக்கும்போது கோகிலவாணியின் போன். “நாம அனுப்புனது ரிஜெக்ட் ஆயிருச்சுங்க. உங்க பொண்ணு பேர ஏற்கெனவே வேற யாரோ அவங்க கணக்குல காட்டியிருக்காங்க.”

“யாரு?”

“அது யாருன்னு அவங்க சொல்ல மாட்டாங்க.”

சொல்ல வேண்டாம்.

அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மெசேஜ் மட்டும் வந்தது: நீ ஜாயிண்ட்டுக்கு வரலைன்னா நான் என்ன செய்ய? எனக்கும் மகதானே?

அதாவது ஜெமி பாதி வருடத்துக்கு மேல் ஹூஸ்டனில், இருநூற்றுப் பதினேழாம் எண்ணில், அவரோடு இருந்தாளாம். காய்ச்சலில் கிடந்த ராத்திரிகளும், பல்லில் கம்பி கட்டிய நாளும், முதல் தடவை வயிற்று வலி என்று பாத்ரூமிலிருந்து என்னைக் கூப்பிட்ட நாளும் ஹூஸ்டனில். ஒரு நோயாளியின் கையில் ஊசியை இரண்டு முறை தவறாகக் குத்தினேன். இருபது வருடத்தில் அப்படி ஆனதில்லை. மேற்பார்வையாளர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

இதுவரை எனக்குக் கோபமே வரவில்லை என்பது இன்றுதான் தெரிகிறது.

ஏப்ரல் 1, புதன்

கோகிலவாணி சொன்னபடி: தாளில் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். பிறகு வரித் துறையிலிருந்து இரண்டு பேருக்கும் கடிதம் வரும். பிள்ளை எங்கே இருந்தாள் என்று யார் நிரூபிக்கிறார்களோ அவர்கள் பக்கம் முடிவாகும். பள்ளிக்கூடம், டாக்டர், பல் டாக்டர், மூன்று இடத்திலும் லெட்டர் வாங்கி வைக்க வேண்டும்.

பல் டாக்டர் ஆபீஸில் பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள். எல்லா வருகைக்கும் என் கையெழுத்து.

ஏப்ரல் 2, வியாழன்

பள்ளி அலுவலகத்தில் ஒரு வயதான அம்மா. போன ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது நான் நிரப்பிய பதிவுத் தாளை அச்செடுத்துக் கொடுத்தார். இதுவே போதும் என்றார். காருக்குள் உட்கார்ந்து வாசித்தேன்.

மாணவி யாருடன் வசிக்கிறார் என்று ஒரு கேள்வி. தாய் தந்தை இருவருடன், தாயுடன் மட்டும், தந்தையுடன் மட்டும், வேறு. இரண்டாவதில் டிக்.

நான் போடவில்லை. அந்த வாரம் டபுள் ஷிப்ட். ஜெமிதான் என் போனை வாங்கி ஒவ்வொரு பக்கமாக நிரப்பினாள். கடைசியில் நீட்டினாள், விரலால் கையெழுத்துப் போட்டேன். பார்க்கவில்லை. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்களில் இரண்டாவதாக அவள் அப்பா இல்லை, ஸ்டெல்லா அக்கா இருக்கிறார்கள். அக்காவிடம் நம்பர் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

ஆகஸ்ட் பதினொன்று என்று தேதி.

பள்ளி விடும் மணி அடிக்கும்வரை காரிலேயே இருந்தேன்.

ஏப்ரல் 4, சனி

இரண்டு நாளாகக் கேட்க முடியவில்லை. இன்று நாளைய ஈஸ்டருக்குத் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜெமி தரையில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் வைத்தேன்.

பார்த்தாள். “ஓ” என்றாள்.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“ஃபார்ம்ல கேட்டாங்க. உள்ளதைத்தானே போடணும்?”

“அப்பா வருவாங்கன்னு நான் சொல்லிட்டே இருந்தேனே.”

“அதான் சொல்லல.” கயிற்றை இழுத்து முடிந்தாள். “நீங்க எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லும்போது உங்க முகம் நல்லா இருக்கும்மா. சொல்லிட்டா அதுவும் போயிடும்ல.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கத் தோன்றவில்லை. அவள்தான் எழுந்து வந்து நிமிர்த்தினாள். என் நீலப் புடவையில் கை அகலத்துக்குத் தீய்ந்துவிட்டது.

“உனக்கு அப்பா மேல கோவமா?”

“தெரியல. ஸ்வெட்டர் சைஸ்கூடத் தெரியலையேன்னு இருந்துச்சு.” இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, “அவர் அழுதாரா அன்னைக்கு? மேல கேட்டுச்சு” என்றாள்.

“ஆமா.”

“பாவம்” என்றாள். அப்புறம் அவளும் அழுதாள். பதின்மூன்று வயது என்று நினைக்கிறேன், மடியில் தூக்கிப் பார்த்தால் ஐந்து வயது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். வேறு புடவை.

ஸ்டெல்லா அக்கா வழக்கம்போல, “எட்வின் வரலியா?” என்றார்கள்.

“அவங்க எங்களை விட்டுட்டுப் போய்ட்டாங்கக்கா. போன மே மாசமே.”

அக்கா கையிலிருந்த காபி கொஞ்சம் சிந்தியது. “மத்தியானம் ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வாங்க” என்றார்கள். போனோம். யாரும் எதுவும் பேசவில்லை என்று சொல்ல முடியாது. சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டது கேட்டது. கேட்டுக்கொண்டே இரண்டாவது தடவை சோறு வாங்கினேன்.

ஏப்ரல் 6, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று, “எம்மா, எம்மா” என்று கூப்பிட்டேன்.

“இருக்கேன்” என்றாள். “ஒம்பது மாசமா இதை ஒத்தைல வச்சுக்கிட்டா இருந்த?”

பத்து மாதம் என்று திருத்தவில்லை.

ஏப்ரல் 11, சனி

தபால் ஆபீஸ். தடித்த உறை. உள்ளே படிவம், சம்பளத் தாள். லெட்டர்களின் நகல்களை நான் வைத்துக்கொண்டேன். கேட்கும்போது அனுப்பலாம் என்றார் கோகிலவாணி. ரசீதோடு அனுப்பினேன். கோகிலவாணிக்குக் கொண்டுபோன இட்லிப் பொடிக்கு ஈடாக ஒரு டப்பா முறுக்கு கொடுத்தார். வரும் வழியில் ஜெமியே காலி பண்ணிவிட்டாள்.

ஏப்ரல் 13, திங்கள்

சாயங்காலம் அவர் போன். தனியாகப் போட்டு அனுப்பிவிட்டேன் என்று நான் எழுதிய மெசேஜைப் பார்த்திருக்கிறார். பள்ளித் தாளின் போட்டோவையும்.

“என்ன, என்னைப் பொய்யன்னு ஆக்கப் பாக்குதியா?”

“நான் உங்களப் பத்தி ஒண்ணும் எழுதல. ஜெமி எங்க இருந்தாங்கிறதைத்தான் எழுதியிருக்கேன்.”

“நான் திரும்பி வர மாட்டேன்னு சொல்லியிருக்க.”

“வருவீங்களா?”

எங்கோ அவர் பக்கத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தார்.

“வருவேன்னுதான் நானும் நெனச்சிட்டு இருந்தேன்” என்றார். “போஸ்ட் ஆபீஸ் ஃபார்ம்ல நிரந்தரம்னு போட்டேன். போட்டுட்டு வெளிய வந்து கார்ல உக்காந்து, சும்மாதான போட்டேன், மாத்திக்கிடலாம்னு சொல்லிக்கிட்டேன். தெனமும் சொல்லிக்கிட்டேன்.”

நானும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

“அந்தப் பள்ளிக்கூடப் பேப்பர்ல டிக் போட்டது ஜெமியா?”

“ஆமா.”

“ஆகஸ்ட்லயா?”

“ஆமா.”

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீஸ் குரலில் பேசினார். “சரி. நான் போட்டதைத் திருத்திப் போட்டுருதேன். ஜெமி பேரை எடுத்துருதேன். கட்ட வேண்டியதையும் நானே கட்டிக்கிடுதேன்.” தாள் புரளும் சத்தம். “அப்ப நான் எதுல டிக் பண்ணணும் பியூலா?”

அவருக்குத் தெரியாதது இல்லை. பதினான்கு வருடம் அவர் நிரப்பிய ஃபாரம். ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் அனுப்பிய ஃபாரத்தின் நகலை எடுத்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்யாணமானவரா, தனியா, சேர்ந்தா என்று கேட்கும் ஐந்து கட்டங்களையும் மேலிருந்து பார்த்தேன்.

“மூணாவது” என்றேன். “கல்யாணமானவர். தனியா.”

“தனியா” என்றார். எழுதிக்கொள்கிறார் போலிருந்தது.

“ஜெமியைப் பாக்க வரலாமா?”

“வாங்க. சனிக்கிழமை மூணு மணிக்கு அவளுக்கு பிராக்டிஸ். அதுக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க.”

சரி என்றார். அதற்கு மேல் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.